பண்ணாடியை உட்காரச் சொன்ன நாள்

போன மாதம் நான் வேலை பார்த்த மில்லில் முதலுதவி வகுப்பு என்று கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவனைக் கூப்பிடுவது குத்துவிளக்கு ஏற்றவும் சால்வை போர்த்தவும்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் போனேன். மேசைமேல் இடுப்புக்கு மேலே மட்டும் உள்ள ஒரு ரப்பர் பொம்மை படுத்திருந்தது. நெஞ்சைச் சரியாக அமுக்கினால் பச்சை விளக்கு எரிகிறது, தப்பாக அமுக்கினால் சிவப்பு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் என்னிடம், “ஏனுங்க சார், உங்க காலத்துல இந்த மாதிரி பொம்மை இருந்துச்சுங்களா?” என்று கேட்டாள்.

“இருந்துச்சு அம்மணி. ஆனா எங்க பொம்மை பேசும். திட்டும். மார்க்கும் போடும்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சால்வை கிடைத்த சந்தோஷத்தில் உளறுகிறார் என்று நினைத்திருப்பார்கள். நான் சொன்னது அத்தனையும் உண்மை. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவை பொள்ளாச்சி ரோட்டில் இருந்த அந்த நூற்பாலையில் நான் ஃபிட்டர். ஒருநாள் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். சுவரில் மாட்டியிருந்த முதலுதவிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். சாவி வைத்திருந்தவர் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்து போயிருந்தார். பூட்டை உடைத்தோம். உள்ளே ஒரு சீப்பு, முகம் பார்க்கும் கண்ணாடி, பாதி தீர்ந்த தேங்காயெண்ணெய் பாட்டில், ஒரு சவரக் கத்தி இருந்தன. ஆய்வாளர் கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “காயம் பண்ணத்தான் ஏற்பாடு இருக்கு. காயத்துக்கு ஒண்ணையும் காணோமே” என்றார்.

மேனேஜர் வேர்த்துப்போய், “இந்த மாசமே ஒருத்தரை டிரெயினிங் அனுப்பறோம் சார்” என்று சொல்லி அண்ணாந்து பார்த்தார். நான் அங்கே ஏணிமேல் நின்று பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். வேறொருவன் ஏறியிருந்தால் இந்தக் கட்டுரையை அவன்தான் எழுதியிருப்பான்.

நகரத்தில் ஒரு முதலுதவிச் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு. கட்டுப் போடவும் மூச்சுக் கொடுக்கவும் கற்றுச் சான்றிதழ் வாங்கினேன். பிறகு இன்னொரு சான்றிதழ். இரண்டு வருஷம் ஓடியது. மில்லில் விரல் நசுங்கினால் டிஸ்பென்சரிக்கு முன்னால் என்னைத் தேட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் எனக்கு ஆசை வந்தது. கட்டுப் போடுபவனாக இருந்தால் போதாது, கட்டுப் போடச் சொல்லித் தருபவனாக வேண்டும். கையில் சாக்பீஸ் பிடித்துக் கரும்பலகை முன்னால் நிற்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் யாரும் அந்தப் பக்கம் நின்றதில்லை. நாங்களெல்லாம் சொன்னதைக் கேட்டவர்கள்.

பயிற்றுநர் தேர்வை நடத்தியவர் மேட்ரன் அம்மா. ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தடிகூட இருக்கமாட்டார். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, இடது கையில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். எல்லோரையும் ‘மிஸ்டர்’ போட்டுத்தான் கூப்பிடுவார். அந்த மிஸ்டரில் மரியாதை எவ்வளவு, எச்சரிக்கை எவ்வளவு என்பது குரலைக் கேட்டால்தான் தெரியும்.

சங்கத்தில் பொம்மை கிடையாது. ஜமுக்காளத்தை விரித்து மேட்ரன் அம்மாவே படுத்துக்கொள்வார். அவர்தான் அடிபட்டவர். புடவையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டு, கண்ணை மூடி, “நான் பஸ்ஸிலே அடிபட்டுட்டேன், மிஸ்டர் ஆறுமுகம். ஆரம்பியுங்க” என்பார். அதற்குப் பிறகு கண்ணைத் திறக்கமாட்டார். வாய் மட்டும் திறந்திருக்கும்.

“முட்டிக்குக் கட்டுப் போடறீங்களா, பொட்டலம் கட்டறீங்களா?”

“முடிச்சு காயத்துக்கு மேல வந்திருக்கு. எனக்கு வலிக்குது.”

“சீக்கிரம், மிஸ்டர் ஆறுமுகம். எனக்கு வேற ஊர்லயும் சாகற வேலை இருக்கு.”

அவர் வைத்திருந்த விதிகளில் ஒன்றை எந்த வகுப்பிலும் மாற்றியதில்லை. ரத்தக் காயம் பற்றிப் பாடம் நடக்கும்போது அறையில் ஒருவரும் நிற்கக் கூடாது. மேனேஜரானாலும் மந்திரியானாலும் தரையில்தான் உட்கார வேண்டும். ரத்தம் என்ற பேச்சைக் கேட்டே மயங்குகிறவர்கள் உண்டு. நின்றபடி மயங்கினால் மண்டை தரையில் மோதும். “எனக்கு ஒரு நேரத்துல ஒரு நோயாளி போதும்” என்பார். யார் கதவோரம் நின்றாலும் விரலை நீட்டி, “நீங்க. உக்காருங்க” என்பார். அந்த விரலுக்கு மறுபேச்சு இருந்ததில்லை.

பயிற்றுநர் தேர்வில் நூறு மதிப்பெண்ணில் பத்து அந்த விரலுக்குத்தான். விபத்து நடந்தால் கூட்டம் கூடும். கூட்டத்தைப் பார்த்து, “யாராவது ஒரு போன் பண்ணுங்க” என்றால் ஒருவரும் போகமாட்டார்கள். அடுத்தவர் போவார் என்று இருந்துவிடுவார்கள். ஒருவரை விரல் நீட்டிக் காட்டி, என்ன செய்ய வேண்டும் என்பதை நான்கு வார்த்தையில் சொல்ல வேண்டும். அதில் தோற்றால் மற்ற தொண்ணூறும் வந்தாலும் தேர்ச்சி இல்லை.

தேர்வன்று மேட்ரன் அம்மா கையில் சிவப்பு மையை ஊற்றிக்கொண்டு படுத்தார். நான் எல்லாவற்றையும் சுத்தமாகச் செய்தேன். கையைத் தூக்கிப் பிடித்தேன், துணியை வைத்து அழுத்தினேன், நாடி பார்த்தேன். பிறகு கூட்டமாக நடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவரைப் பார்த்துத் திரும்பினேன். அவர் ஒரு பாங்க் ஆபீசர், நரைத்த தலை. அவரை நோக்கி விரல் நீட்டுவதா? கையைக் கட்டிக்கொண்டுதான் பேச வந்தது.

“ஏனுங்க சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்களுக்கு ஒண்ணும் சிரமமில்லீன்னா, அந்தப் பக்கமாப் போயி ஒரு போன் பண்ணிப்போட்டு வந்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க.”

தரையிலிருந்து குரல் வந்தது. “நான் செத்து நாலு நிமிஷம் ஆச்சு, மிஸ்டர் ஆறுமுகம்.”

பத்துக்குப் பூஜ்யம். தேர்வு போச்சு.

மற்றவர்கள் போன பிறகு மேட்ரன் அம்மா கையிலிருந்த மையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “மரியாதையெல்லாம் நிக்கிறவங்களுக்குத்தானா? கீழ கெடக்கிறவனுக்குக் கெடையாதா? மூணு மாசம் டயம் தரேன். அடுத்த தடவையும் இப்படின்னா மில்லுல வேற ஆளை அனுப்பச் சொல்லிடுவேன்.”

எங்கள் ஊர்க்காரர்கள் நாய் துரத்தினால்கூட ‘போங்க போங்க’ என்று சொல்லிக்கொண்டு ஓடுகிறவர்கள் என்று வெளியூரில் கேலி உண்டு. ஆனால் என் விரல் மடங்கியதற்கு அது மட்டும் காரணமில்லை. கிணத்துக்கடவுப் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டத்தில் என் அப்பா சின்ன வயசிலிருந்து கூலி வேலை பார்த்தார். தோட்டத்துக்காரரை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிப் பேசியதில்லை. பண்ணாடி என்றுதான் சொல்வோம். அவர் எதிரில் அப்பா தோளில் இருக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். அந்தக் களத்தில் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கை நீட்டிப் பேசாதே, எதிரில் உட்காராதே என்று சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்த்த பிள்ளைக்கு மூன்று மாதத்தில் விரல் நிமிர வேண்டும்.

பழகிப் பார்த்தேன். நூற்கும் இயந்திரத்தைப் பார்த்து, “நீ! போன் பண்ணு!” என்று கத்தினேன். பக்கத்து ஷெட்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வீட்டில் மனைவியை நோக்கி விரல் நீட்டி, “நீ! காபி கொண்டு வா!” என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு நாளைக்கு டீக்கடைதான்.

அப்படி ஒரு மாதம் போயிருக்கும். ஒரு வார விடுமுறையன்று அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். காய் வெட்டு நடந்துகொண்டிருந்தது. மரமேறும் பழனி காயையெல்லாம் வெட்டிப் போட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தான். ஆள் உயரம் இருக்கும்போது காலில் மாட்டிய கயிறு வழுக்கிச் சறுக்கி விழுந்தான். இடுப்பில் செருகிய அரிவாள் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கீறிவிட்டது. ரத்தம் விட்டுவிட்டுப் பீய்ச்சியது. பம்புசெட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் கொப்பளிப்பதைப் போல இருந்தது. ஐந்து நிமிஷம் அப்படியே விட்டால் ஆள் இருக்கமாட்டான்.

களத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். அப்பா தோட்டத்துக் கடைசியில் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தார். ஒருத்தி காபித்தூளுக்கு ஓடினாள். ஒருவன் சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தான். “சோடா வாங்கியாங்கடா” என்று ஒரு குரல். சாகக் கிடப்பவனுக்குச் சோடா கொடுப்பதில் நம் ஜனங்களுக்கு இருக்கும் நம்பிக்கை எந்தச் சாமி மேலும் கிடையாது. பண்ணாடி ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு, “முழங்கைக்கு மேல இறுக்கிக் கட்டுங்கடா!” என்று வந்தார். கயிறு போட்டு இறுக்கினால் கை கறுத்து வீணாகிவிடும். அது அவருக்குத் தெரியாது.

கிட்டே வந்து ரத்தத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். கயிறு கையிலிருந்து நழுவியது. முறுக்கு மீசைக்குக் கீழே உதடு வெளுத்துப்போனது. சிமெண்ட்டுத் தொட்டி ஓரத்தில் நின்றபடி முன்னும் பின்னும் ஆடினார். அந்த ஊரே பயப்படும் மனுஷனுக்கு ரத்தம் ஆகாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. விழுந்தால் மண்டை தொட்டியில்தான்.

பழனியைச் சாய்த்துப் படுக்கவைத்து, வெட்டின்மேல் என் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. சுத்தமான துணி வேண்டும். அங்கே இருந்ததில் சுத்தமான துணி ஒன்றே ஒன்றுதான். சலவை மடிப்புக் கலையாமல் பண்ணாடியின் தோளில் கிடந்த துண்டு.

என் வாயிலிருந்து வந்த குரல் என்னுடையதாக எனக்கே தோன்றவில்லை. விரல் தானாக நீண்டது.

“நீ! கீழ உக்காரு!”

பண்ணாடி உட்கார்ந்தார். மல்லுவேட்டியோடு, தேங்காய் மட்டையும் சேறும் கிடந்த தரையில் அப்படியே உட்கார்ந்தார். நான் எட்டி அவர் தோள் துண்டை உருவினேன். நாலாக மடித்துக் காயத்தின்மேல் வைத்து அழுத்தினேன். பழனியின் கையை அவர் மடிக்கு நேரே தூக்கினேன்.

“இந்தக் கையப் புடி. ஒசக்கத் தூக்கிப் புடி. கண்ண மூடிக்க.”

கண்ணை இறுக மூடிக்கொண்டு, “முருகா, முருகா” என்று முனகியபடி இரண்டு கையாலும் பிடித்தார். அவருடைய டிரைவரைக் காட்டி, “நீ, காரைக் கொண்டா” என்றேன். சுண்ணாம்புக்காரனை, “நீ, காலைத் தூக்கிப் புடி” என்றேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. மேட்ரன் அம்மா சொன்னது சரிதான். சொல்வதற்கு ஒரு ஆளைத்தான் எல்லோரும் தேடிக்கொண்டு நிற்கிறார்கள்.

முதல் துண்டு நனைந்தது. அதை எடுக்கக் கூடாது, எடுத்தால் உறையத் தொடங்கிய ரத்தம் மறுபடி பீறிடும். அதன் மேலேயே என் பனியனைக் கழற்றி மடித்து வைத்து, என் வேட்டியில் ஒரு நீளம் கிழித்துச் சுற்றி, முடிச்சைக் காயத்துக்கு அந்தப் பக்கம் தள்ளிப் போட்டேன். பழனியின் நகத்தை அமுக்கி விட்டுப் பார்த்தேன். வெளுத்து, பிறகு மெல்லச் சிவந்தது. கைக்கு ரத்தம் போகிறது. அப்போதுதான் நான் மூச்சு விட்டேன்.

அம்பாசிடரின் பின் சீட்டில் பண்ணாடி கண்ணைத் திறக்காமலே பழனியின் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் கேட்டார். “ஆறுமுகம், கண்ணத் தொறக்கலாமா?”

“இன்னும் வேண்டாமுங்க பண்ணாடி. ஆஸ்பத்திரி வரட்டுமுங்க.”

ரத்தம் நின்றதும் மரியாதை திரும்பி வந்துவிட்டது.

பழனி பிழைத்தான். டாக்டர் நரம்பைச் சேர்த்துத் தைத்தார். ஆறேழு மாதத்தில் மறுபடி மரமேறினான். ஆனால் என் வீட்டில்தான் எழவு விழுந்ததுபோல் ஆயிற்று. அப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் வாய் திறந்தார்.

“பண்ணாடி தோள்ல கெடந்த துண்ட உருவுனியாமா?”

“ஆமாங்கப்பா. உசுரு போற நேரமுங்க.”

“கீழ உக்காருன்னியாமா? அத்தன பேரு முன்னால?”

எனக்குக் கோபம் வந்தது. பழனி உயிரோடு இருப்பது இவருக்குக் கண்ணில் படவில்லையே என்று. ஆனால் அவருக்குத் தெரிந்த உலகத்தில் நான் செய்தது சின்னக் காரியமில்லை. அன்றைக்கே தோட்டத்துக்குப் போய் எனக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். ஒரு மணி நேரம் நின்றாராம்.

அடுத்த வாரம் பண்ணாடி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போய் நின்றேன். சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தார்.

“ஏன்டா ஆறுமுகம், அந்தக் கிளாசு எங்க நடக்குது? எனக்கு ரத்தம்னா ஆகாதுன்னு ஊரு பூராத் தெரிஞ்சுபோச்சு. சந்தையில சிரிக்கிறானுக. பழகுனா செரியாயிருமா?”

“ஆயிருமுங்க. எனக்கு ரெண்டாவது பரீட்சை இருக்குதுங்க. வகுப்பு எடுத்துக் காட்டப் பத்து மாணாக்கரை நானே கூட்டிட்டுப் போவோணுமுங்க. ஒம்பது பேரு இருக்கறாங்க.”

“வாரேன் போ” என்றார்.

இரண்டாம் தேர்வன்று வகுப்பெடுத்து முடித்தேன். மேட்ரன் அம்மா சிவப்பு மையோடு படுத்துக் கண்ணை மூடினார். “ஆரம்பியுங்க, மிஸ்டர் ஆறுமுகம்.” அழுத்தினேன், தூக்கினேன், நாடி பார்த்தேன். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினால் முதல் வரிசையில் பண்ணாடி, புதுத் துண்டோடு. என் சனியன் பிடித்த விரல் மடங்கிக்கொண்டது.

“ஏனுங்க பண்ணாடி, உங்களுக்குச் சிரமமில்லீன்னா...”

தரையிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அதற்குள் பண்ணாடி பொறுமை இழந்துவிட்டார்.

“டேய், அந்தம்மா செத்துரும்டா! அன்னிக்குச் சொன்னீல்ல, அதே மாதிரிச் சொல்லுடா!”

“நீ! போயி போன் பண்ணு! போயிட்டு வந்து என்ற கிட்டச் சொல்லு!”

பண்ணாடி எழுந்து ஓடியே போய்விட்டார். சங்கத்து வராந்தாவையும் தாண்டி, உண்மையாகவே தெருமுனை எஸ்.டி.டி. பூத் வரைக்கும். மேட்ரன் அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். செத்தவர் கண் திறந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“பத்துக்கு எட்டு. அவர் சொல்லித்தான் நீங்க அவருக்குச் சொன்னீங்க. அதுக்கு ரெண்டு கொறச்சிருக்கேன்.”

தேர்ச்சி. அவர் உத்தரவு போட்டதால்தான் நானே அவருக்கு உத்தரவு போட்டேன் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் குத்தவும் செய்தது. அந்த இரண்டு மதிப்பெண் என் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது.

பயிற்றுநராகி நான் எடுத்த முதல் வகுப்பு பண்ணாடியின் களத்தில்தான். அவரே ஏற்பாடு செய்தார். தோட்டத்து ஆட்கள் எல்லோரும் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். பழனி தழும்பைக் காட்டிக்கொண்டு பெருமையாக உட்கார்ந்தான். பண்ணாடி முன்வரிசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். தேங்காய் உலர்த்தும் பலகையைச் சுவரில் சாய்த்து, அதில் சாக்பீஸால் ‘ரத்தக் காயம்’ என்று எழுதிவிட்டுத் திரும்பினேன்.

அப்பா நின்றுகொண்டிருந்தார். டிராக்டர் டிரெய்லர் ஓரமாக, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு.

“பாடம் நடக்கறப்போ யாரும் நிக்கக் கூடாதுங்க” என்று பொதுவாகச் சொன்னேன். பொதுவாகச் சொன்னால் ஒருவரும் செய்யமாட்டார்கள் என்று எனக்கே தெரியும். அப்பா அசையவில்லை. வேறெங்கோ சொல்கிறேன் என்பதுபோலத் தரையைப் பார்த்தார். இந்த முறை சொல்லச் சொல்லி என்னை விரட்ட யாரும் இல்லை.

விரலை நீட்டினேன். அது மடங்கவில்லை.

“அப்பா. நீங்க. உக்காருங்க.”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பண்ணாடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நான் இன்னும் ரத்தம் என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்லவே இல்லை. ஆனால் பண்ணாடி, அன்றைக்கு மூடிக்கொண்ட மாதிரியே, இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார்.

அப்பா இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்தார். அதைத் தரையில் விரித்தார். உட்கார்ந்தார்.

பலகைப் பக்கம் திரும்பி, எழுதியதன் மேலேயே இன்னொரு தடவை எழுதினேன். பிறகு பாடத்தைத் தொடங்கினேன்.